உதடு ஒட்டாத பேச்சு

ஐந்து குண்டூசிகளை முன்பற்களுக்கு நடுவே வரிசையாகக் கடித்துக்கொள்கிறாள் குண்டூசி அக்கா. முனை உள்ளே, தலை வெளியே. ஆறு என்றால் நாக்கில் குத்தும். நாலு என்றால் கை தேடும். ஐந்துதான் அவளுக்கு வாய்த்த கணக்கு. எதிரே புது வெள்ளைக் கோட்டுக்குள் ஓர் இளம் டாக்டர், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பறப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற கொக்கு மாதிரி நிற்கிறார்.

“நேரா நில்லுங்க ராசா. காத்த உள்ள இழுங்க. அசையாதீங்க.”

டாக்டர் மூச்சை இழுக்கிறார். தோளில் ஓர் ஊசி, இடுப்பில் ஓர் ஊசி, கையோரத்தில் மூன்று. வாய் காலி. டாக்டர் மூச்சை விடுவதற்குள் அடுத்த ஐந்தும் பல்லுக்கு வந்துவிடுகின்றன.

அக்கா சொன்னதைத் திரும்ப ஒரு தடவை படித்துப் பாருங்கள். அதில் ஒரு ப இல்லை, ஒரு ம இல்லை, ஒரு வ இல்லை. பல்லில் ஊசி இருக்கும்போது உதடும் உதடும் சந்திக்க முடியாது, சந்தித்தால் ரத்தம். உதடு ஒட்டாமல் செய்யுள் கட்டுவது என்று நம் புலவர்களிடம் பழைய வித்தை ஒன்று உண்டு. நாலு பாட்டுக் கட்டிவிட்டுச் சால்வை வாங்கிக்கொண்டு போனார்கள். குண்டூசி அக்கா அதே வித்தையை இருபத்தாறு வருஷமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிலவறைத் தையல் கூடத்தில், தினம் எட்டு மணி நேரம் செய்திருக்கிறாள். ஒருத்தரும் ஒரு கைக்குட்டைகூடப் போர்த்தவில்லை.

அதற்கென்று அவளிடம் தனி அகராதியே இருந்தது. இடுப்புக்கு ‘நடு’. மார்புக்கு ‘நெஞ்சு’. பட்டனுக்கு ‘காஜாக்கு ஜோடி’. வேண்டாம் என்பதற்கு ‘ஆகாது’. தம்பி என்று கூப்பிட வழியில்லாததால் அளவுக்கு நிற்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் ‘ராசா’. அம்மா என்று கூப்பிட வழியில்லாததால் பெண்கள் எல்லாரும் ‘தாயே’. பெரிய சிக்கல் விடை கொடுப்பதில்தான். ‘போயிட்டு வாங்க’ என்றால் முதல் எழுத்திலேயே உதடு ஒட்டும். ஆகவே வேலை முடிந்ததும் டாக்டரோ, நர்ஸோ, யாராயிருந்தாலும் அக்கா கனிவாகச் சிரித்து ஒன்றே ஒன்றைத்தான் சொல்வாள்:

“நடையக் கட்டுங்க.”

பெரிய டாக்டரிடமும் அப்படியே சொன்னாள். ஆஸ்பத்திரிக்கே தலைவர், அறுபதை நெருங்குகிறவர், அவர் எதிரே மேஜை நாற்காலிகூடக் கால் சேர்த்து நிற்கும். கூட வந்த உதவியாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. பெரிய டாக்டரோ வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவரை யாரும் ‘ராசா’ என்று கூப்பிட்டு நாற்பது வருஷம் ஆகியிருக்கும் போலிருக்கிறது. அதற்கப்புறம் கோட்டில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை அளவு கொடுக்க வந்துவிடுவார்.

இன்னொன்றும் சொல்வார்கள். ஒரு நாள் அக்காவுக்குத் தும்மல் வந்ததாம். ஐந்து ஊசியும் பறந்து எதிர்ச்சுவர்க் காலண்டரில் போய்க் குத்தினவாம். ஐந்தும் ஒரே தேதியில். அந்தத் தேதியில் தையல் கூடமே லீவு எடுத்துக்கொண்டதாம். நம்புகிறவர்கள் நம்பலாம். அந்தக் காலண்டரை நானே பார்த்தேன் என்று சத்தியம் பண்ண நாலு பேர் அங்கே இன்னும் வேலை பார்க்கிறார்கள்.

இந்த வித்தைக்கு அவள் கொடுத்த விலை ஓர் எழுத்து. ‘ம்’. எதிராளி பேசப் பேச நாம் கொட்டுவோமே, அந்த ‘ம்’. உதட்டை மூடாமல் அதைச் சொல்ல முடியாது. ஆகவே அக்கா புருவத்தைத் தூக்குவாள். ஊசி இல்லாத வீட்டிலும் உதடு பழக்கத்தை விடவில்லை. எப்போதும் ஓர் அரிசி நுழைகிற அளவுக்குத் திறந்தே இருக்கும். வீட்டுக்காரர் பள்ளிக்கூட லேப் அசிஸ்டென்ட். அன்றைக்கு எந்தப் பையன் எந்தக் குடுவையை உடைத்தான் என்பதை வீட்டில் வந்து விலாவாரியாகச் சொல்வார்.

“ஒரு ‘ம்’ கொட்டேன்டி. செவுத்துக்கிட்டப் பேசுற மாதிரி இருக்கு.”

“காது இருக்குல்ல? கேட்டுட்டுத்தானே இருக்கேன்?” என்பாள். புருவம் மேலே போய்த் திரும்பி வரும்.

இப்படியே ஓய்வு பெற்றுவிட்டிருப்பாள். குறுக்கே வந்தது அவள் அண்ணனின் பித்தப்பையில் இருந்த கல்.

அண்ணன் பஸ் டிரைவர். முப்பது வருஷமாக ஊரே அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் அது சட்டை போட்ட முதுகு. ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர், “இன்னிக்கே எழுந்து வராந்தால நடக்கணும், படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டு இடைவேளையில் அக்கா மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் மனுஷர் சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

“ஏண்ணே, நடக்கலையா?”

“எப்படி நடக்கிறது? நீங்க குடுத்திருக்கிற கவுனு முன்னாடி மட்டுந்தான் துணி. பின்னாடி காத்து. இந்த வார்டுல பாதி நர்சு என் வண்டில வர்றவங்க. நாளைக்கு என் முதுகப் பார்க்கிறப்ப அவங்களுக்கு எது ஞாபகம் வரும்?”

பிறகு ஒரே ஒரு தடவை நடந்தார். ஒரு கை குளுக்கோஸ் கம்பியில், மறு கை பின்னால் அங்கியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தேய்த்தபடி பத்தடி போய்த் திரும்பினார். அதோடு சரி. நாலாவது நாள் இடது கால் வீங்கியது. ரத்தம் கட்டிவிட்டது. ஐந்து நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் ஐந்து வாரம் கிடந்தார். இன்றைக்கும் அந்தக் கால் இழுக்கிறது. கிளட்ச் மிதிக்கிற கால். இப்போது டிப்போவில் ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கு நேரம் குறிக்கிறார்.

அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று கழற்றிப் போட்ட அங்கியை அக்கா எடுத்துக் கழுத்தோரத்தைப் பார்த்தாள். நூலில் மூன்று சுற்று, ஓர் இழுப்பு. அவளுடைய முடிச்சு. அதைத் தைத்தவள் அவளே.

அவள் அழவில்லை. பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்துக் கத்தரியை எடுத்தாள்.

எட்டு நாளில் புது அங்கி தயார். ஒரு பக்கம் மறு பக்கத்தின் மேல் நன்றாக ஏறிக்கொள்ளும். நாடா முதுகில் இல்லை. இடது விலாவில், நோயாளியின் கைக்கே எட்டும் இடத்தில். டாக்டர் சோதிக்க வேண்டிய இடத்தில் மட்டும் தனித்தனியாகத் திறக்கும் மடிப்பு. முதலில் உடுத்திப் பார்த்தவர் லேப் அசிஸ்டென்ட். கண்ணாடி முன் நின்று இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார், “இதையே வெளில போட்டுட்டுப் போலாம் போலருக்கே” என்றார். குனிந்து செருப்பைத் தேடினார். பின்னால் எதுவும் தெரியவில்லை. அதுதான் பரீட்சை, அங்கி பாஸ்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று கடிதம் எழுதினாள். எழுத்தில் அக்கா புலி. காகிதத்துக்கு உதடு வேண்டாமே! மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. அடுத்த மூன்று வருஷத்துக்கான அங்கிகளின் மாதிரி பத்து வாரம் கழித்துக் கூடும் குழுவில் முடிவாகும். அவள் நேரில் வந்து ஏழு நிமிடம் விளக்கலாம்.

ஏழு நிமிடம்! அவள் வாழ்நாளில் பேசிய மிக நீளமான வாக்கியத்தில் நாலு வார்த்தை. அன்று வராவிட்டால், வந்தும் வாய் திறக்காவிட்டால், மூன்று வருஷத்துக்கு வராந்தாவில் எல்லாரும் ஒரு கையைப் பின்னால் கொடுத்துத்தான் நடப்பார்கள். இல்லை, அண்ணனைப் போல நடக்கவே மாட்டார்கள். அந்த அங்கிகளையும் அவளேதான் தைக்க வேண்டும்.

அண்ணனின் காலுக்கு நீச்சல் குளத்தில் பயிற்சி. அங்கே சுவரில் ஒரு நோட்டீஸ்: ‘மேடைப் பேச்சுப் பயிற்சி. சனி மாலை நாலு மணி. மாடி.’ சொல்லிக்கொடுப்பவளும் குளத்து டீச்சர்தான். முப்பது வயசிருக்கும், கழுத்தில் விசில், தலை எந்நேரமும் ஈரம். எல்லாருக்கும் அவள் ‘விசில்’. தண்ணீரில் இறங்கப் பயப்படுகிறவர்களையும் மேடையில் ஏறப் பயப்படுகிறவர்களையும் அவள் ஒரே ஜாதியாகத்தான் நினைத்தாள். மாடி அறையில் குளோரின் வாசனை. ஒரு பல் டாக்டர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், இன்னும் ஏழெட்டுப் பேர். யாராவது பேச்சு நடுவே ‘வந்து… வந்து…’ என்று இழுத்தால் விசில் பறக்கும். பல் டாக்டர் முதல் நாள் ஒரு நிமிஷத்தில் பதினான்கு விசில் வாங்கினார்.

அக்காவின் முறை வந்தது.

“உங்க தொழிலப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுங்கக்கா.”

அக்கா எழுந்து நின்றாள். “நான் தைக்கிறேன். டாக்டருக்கு, சிஸ்டருக்கு, நோயாளிக்கு. கத்தரிக்கிறேன். தைக்கிறேன். ஆச்சு.”

ஒரு விசிலும் இல்லை. மொத்தம் ஒன்பது விநாடி.

விசில் கிட்டே வந்து அவள் வாயையே பார்த்தாள். நீச்சல்காரர்களின் கண் உடம்பில் எது அசையவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்கும்.

“அக்கா, எங்க, ‘அம்மா’ சொல்லுங்க?”

“தாயே.”

லிஃப்ட் மெக்கானிக் சிரித்தார். அவருக்கும் ஒரு விசில் கிடைத்தது.

“தாயே இல்லக்கா. அம்மா.”

மேலுதடு இறங்கியது. கீழுதடு ஏறியது. இரண்டும் ஓர் ஊசிக் கனத்தில் நின்றுவிட்டன. நெற்றியில் வியர்வை.

“வாய்ல ஊசி இல்லியேக்கா?”

“இருக்கு டீச்சர்,” என்றாள் அக்கா.

விசில் சிரிக்கவில்லை. மூன்று கட்டளை போட்டாள். ஒன்று, பத்து வாரத்துக்கு வாயில் ஊசி கூடாது. மணிக்கட்டில் பஞ்சு மெத்தை கட்டி அதில் குத்திக்கொள்ள வேண்டும். இரண்டு, மல்லாந்து படுத்து, நீச்சல் பலகையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு பேச வேண்டும். பலகை ஏறி இறங்கினால்தான் மூச்சு அடியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். மூன்றாவதுதான் கஷ்டம்.

“தண்ணில முழுகுறவங்க எல்லாம் கையக் கால ஆட்டி ஆட்டித்தான் முழுகுறாங்கக்கா. சொல்லு வரலன்னா ஆட்டாதீங்க. சும்மா மெதங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. தண்ணியே உங்களத் தூக்கும்.”

“தூக்கலைன்னா?”

“நான் குதிச்சு வந்து தூக்குறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் பேசிச் செத்ததில்ல.”

மறுநாளிலிருந்து அக்காவின் உழைப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஊசி எடுக்கக் கை தானாக வாய்க்குப் போகும். நடுவழியில் மணிக்கட்டுக்குத் திருப்புவாள். முதல் வாரம் மெத்தையைவிட மணிக்கட்டில்தான் அதிகம் குத்தினாள். பஸ்ஸில் உட்கார்ந்து, “அம்மா. மாமா. பம்பரம். கம்பம்,” என்று கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டே போவாள். பக்கத்து ஆசாமி மெதுவாக எழுந்து வேறிடம் போய்விடுவார். அந்தப் பத்து வாரமும் அக்காவுக்கு இரட்டை சீட்.

வீட்டில் வேறு விளைவு. சமையலறையிலிருந்து, “மாமா,” என்று கேட்டதும் லேப் அசிஸ்டென்ட்டின் கையிலிருந்த சீப்பு நின்றது. இருபத்தெட்டு வருஷமாக அவர் ‘ஏங்க’தான்.

“என்னடி சொன்ன?”

“மாமா. டீச்சர் நூறு தடவ சொல்லச் சொன்னாங்க.”

“நூறா?” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மெதுவாச் சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல.”

ஐந்தாம் வாரத்தில் ப வசப்பட்டது. வ அதற்கு முன்பே வந்துவிட்டது. ம மட்டும் அடம். சொல்லுக்கு நடுவே வந்தால் எப்படியோ தாண்டிவிடுவாள். முதலெழுத்தாக வந்தால் வீட்டில் வரும், நாலு பேர் முன்னால் திக்கும். தனி ‘ம்’மோ பயிற்சியில் கடைசி வரை ‘ன்’ என்றே வந்தது. அவள் பேச்சுக்கு வேண்டிய சொற்கள் இரண்டுதான். மானம். முதுகு. இரண்டுக்கும் தலையில் ம.

ஆறாம் வாரம் விசில் ஒத்திகை வைக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரி கேன்டீன், மதியம், முப்பது பேர். அக்கா நாற்காலியில் ஏறி நின்றாள்.

“மே… மே… மே…”

‘மேடம், சார், எல்லாருக்கும் வணக்கம்’ என்பது முதல் வரி. முதல் எழுத்தைத் தாண்டவில்லை. ஐந்து எண்ணினாள். “மே…” மறுபடியும் எண்ணினாள். “மே…”

அந்த நேரம் பார்த்துத் தட்டோடு வந்தார் துணி ஸ்டோர்காரர். ஆஸ்பத்திரியின் விரிப்பு, துண்டு, அங்கி அனைத்துக்கும் சாவி அவர் இடுப்பில். குழுவிலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. பழைய அங்கி அவர் காலத்தில் வந்த மாதிரி. அதைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்னது போல.

“யாருப்பா அங்க? கொஞ்சம் புல்லு போடுங்கப்பா, பசிக்குதாம்!”

கேன்டீன் சிரித்தது. அக்கா நாற்காலியிலிருந்து இறங்கிப் போனாள். சாயங்காலம் பஸ்ஸில் பம்பரமும் இல்லை, கம்பமும் இல்லை. ராத்திரி படுத்தவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னாச்சு?” என்றார் லேப் அசிஸ்டென்ட்.

“பதில் கிடைச்சிருச்சு.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்டோர் கதவைத் தட்டினாள். ஸ்டோர்காரர் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார்.

“நேத்து மத்தியானம் புல்லு போடுங்கன்னீங்கல்ல? அதுக்குப் பதில் சொல்ல வந்தேன்.”

“எந்தப் புல்லு?”

“மே…” அக்கா நிறுத்தினாள். மிதந்தாள். ஐந்து எண்ணினாள். ஸ்டோர்காரர் காத்திருந்தார், பாவம், அவருக்கு வேறு வழி தெரியவில்லை. “மேயத்தான் வந்திருக்கேன். முதல்ல உங்க ஸ்டோர்லதான் மேயப்போறேன். ஒரு பழைய கவுனு குடுங்க, கூட்டத்துக்கு வேணும்.”

கணீரென்று இரண்டு மே, ஒரு மு. பதினெட்டு மணி நேரம் தாமதமாக வந்த பதில்தான். ஆனாலும் சாவிக்கொத்து கீழே விழுந்தது. விரித்த கைக்கு அங்கியும் வந்தது.

பத்தாம் வாரம் ஏழாவது மாடிக் குழு அறை. நீள மேஜை, பதினொரு பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைமை நாற்காலியில் பெரிய டாக்டர், மூன்றாவதில் ஸ்டோர்காரர். விசிலுக்கு உள்ளே அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஊதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். அக்காவின் மணிக்கட்டில் மெத்தை இல்லை. மரியாதைக்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். சட்டைக் கழுத்தில் மட்டும் வழக்கமான ஐந்து குண்டூசி.

“தொடங்கலாம். ஏழு நிமிஷம்,” என்றார் செயலாளர்.

அக்கா வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு கண்கள். உதடுகள் ஊசிக் கனத்தில் நின்றன. ஐந்து எண்ணினாள். இன்னோர் ஐந்து. ஸ்டோர்காரர் பக்கத்தில் குனிந்து ஏதோ முணுமுணுக்க, யாரோ மூக்கால் சிரித்தார்கள். அக்காவின் கை மெல்ல ஏறிக் கழுத்துக்குப் போனது. ஐந்து ஊசியையும் உருவியது. உதட்டு வரை கொண்டுவந்தது.

கதவுக்கு வெளியே விசில் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஊசிகள் அங்கேயே நின்றன. பிறகு கை இறங்கியது. அக்கா பையிலிருந்து பழைய அங்கியை எடுத்து உதறினாள். நேராகத் தலைமை நாற்காலிக்கு நடந்தாள்.

“ராசா, இங்க நில்லுங்க. கையத் தூக்குங்க.”

பழக்கம் பொல்லாதது. பெரிய டாக்டர் எழுந்து நின்று, மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். கோட்டுக்கும் டைக்கும் மேலே அங்கி ஏறியது. தோள் நழுவிய இடத்தில் இரண்டு ஊசி, கையோரத்தில் மூன்று. வேலை செய்கிற கைக்குப் பயம் ஏது? விரல் ஓட ஓட அக்காவின் மூச்சு அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. பலகை இருந்திருந்தால் ஏறி இறங்கியிருக்கும். முதுகில் நாடாவை வழக்கப்படி ஒரே ஒரு முடிச்சுப் போட்டாள்.

“அந்த ஜன்னல் வரைக்கும் நடங்க.”

பெரிய டாக்டர் நடந்தார். நாலாவது அடியில் அவருடைய வலது கை பின்னால் போனது. தேடியது. அங்கியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அப்படியே ஜன்னல் வரை போய், அப்படியே திரும்பினார்.

அக்கா மிதந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்குள் பதினொரு பேரும் அந்தக் கையைப் பார்த்துவிட்டார்கள். கடைசியாகப் பார்த்தவர் கைக்குச் சொந்தக்காரர்.

“ஐயா உள்ள பேன்ட் போட்டிருக்காங்க,” என்றாள் அக்கா. “கோட்டு போட்டிருக்காங்க. இருந்தாலும் கை எங்க போச்சு பாருங்க. மானம் முதுகுலதாங்க இருக்கு.”

மா. மு. உதடுகள் கதவு சாத்தினாற்போல ஒட்டிப் பிரிந்தன. வெளியே விசில் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஆறு போல வந்தது பேச்சு. அண்ணனைச் சொன்னாள், கிளட்ச் காலைச் சொன்னாள். “நடந்தா பொழைக்கலாம்னு டாக்டருங்க சொல்றீங்க. நடக்கக் கூசுற மாதிரி நான் தைச்சுக் குடுக்குறேன். இருபத்தாறு வருஷமா தைச்சுக் குடுத்திருக்கேன். இனிமே மாட்டேன்.”

ஸ்டோர்காரர் தொண்டையைச் செருமினார். “இத்தன வருஷத்துல ஒரு நோயாளிகூட இதப் பத்திப் புகார் குடுத்ததில்லையேம்மா?”

“எப்படிங்க குடுப்பாங்க? புகார் குடுக்கணும்னா எழுந்து வரணும். எழுந்து வந்தா முதுகு தெரியும்.”

யாரோ தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டார்கள். ஸ்டோர்காரர் அதைத் துடைக்கிற வேலையை மும்முரமாக எடுத்துக்கொண்டார்.

பழையதைக் கழற்றிப் புது அங்கியைப் பெரிய டாக்டருக்கு மாட்டினாள். இந்தத் தடவை நாடாவைக் கட்டவில்லை. அவர் கையிலேயே கொடுத்தாள். இடது விலாவில் அவரே கட்டிக்கொண்டார். செயலாளர் கடிகாரத்தைக் காட்டினார். முடிவுரைக்கு விசில் சொல்லிக்கொடுத்தது, ‘வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.’ அக்கா கைகூப்பினாள். கனிவாகச் சிரித்தாள். இருபத்தாறு வருஷம் முந்திக்கொண்டது.

“நடையக் கட்டுங்க.”

செயலாளர் கடிகாரத்தை மறந்து நிமிர்ந்தார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து அக்காவுக்கும் முகம் சிவந்தது. திருத்தவில்லை. கையைக் காலை ஆட்டவில்லை. எண்ணத் தொடங்கினாள்.

மூன்றுக்குள் பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். “நாடாவ நானே கட்டிட்டேன். நடையையும் கட்டிடுறேன்.” கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் இறங்கினார். விசிலைத் தாண்டி, டீ வண்டியைத் தாண்டி, லிஃப்ட் வரை போனார், திரும்பி வந்தார். வருகிற வழியில் வண்டியிலிருந்து இரண்டு டீ எடுத்திருந்தார், கைக்கு ஒன்று. அங்கியைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

ஒரு டீயை அக்காவிடம் நீட்டினார்.

“மொதல்ல ஆபரேஷன் வார்டுக்கு ஐம்பது. மத்தது அப்புறம் முடிவு பண்ணலாம். இந்த மாசக் கடைசிக்குள்ள முடியுமா?”

மேஜையைச் சுற்றி எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். புருவம் ஏறத் தொடங்கியது. பாதி வழியில் நின்றது, திரும்பி இறங்கிவிட்டது. மேலுதடு கீழுதட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

“ம்,” என்றாள் குண்டூசி அக்கா.